டாக்டர் தெய்வநாயகி அம்மையாரின் கைகள்மேல் நாங்கள் கொண்ட பொறாமை

சேலம் செவ்வாய்ப்பேட்டை வணிகர் தரும மகளிர் மருத்துவமனையில் இருபத்தைந்து ஆண்டுகள் தலைமை மருத்துவராகத் தொண்டாற்றி இன்று ஓய்வு பெறும், அறிவும் அருளும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த டாக்டர் தெய்வநாயகி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் உவந்தும், உள்ளுக்குள் வெந்தும் படைத்தளிக்கும் மடல்.

பெருந்தகையீர்!

ஒருவருடைய திறமையை அளக்க, அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் பொறாமையைக் காட்டிலும் நம்பத்தக்க கருவி வேறில்லை. புகழ்கிறவர் மிகைப்படுத்துவார். பொறாமைப்படுகிறவரோ ஒரு குன்றிமணி அளவுகூடக் கூட்டிச் சொல்லமாட்டார். ஆகவே இம்மடலில் தங்களைப் பற்றி வரும் நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் எங்களிடமிருந்து வலிந்து பிடுங்கப்பட்டது என்று இந்தச் சபை தாராளமாக நம்பலாம்.

வெளிநோயாளர் அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்று தங்களுடையது. மற்றொன்று இதை எழுதும் துணை மருத்துவராகிய கமலவேணியினுடையது. வண்டி கட்டிக்கொண்டு வரும் பெண்கள் என் முன்னால் வந்து நின்று, “ஏனுங்க, பெரிய டாக்டரம்மா இல்லீங்களா?” என்பார்கள்.

“நானும் டாக்டர்தான், உட்காரம்மா” என்பேன்.

“அதுக்கில்லீங்க சாமி. நாங்க இருந்தே பாத்துட்டுப் போறமுங்க” என்று சுவரோரமாகப் போய்ச் சாய்ந்துகொள்வார்கள். அவர்கள் தலை சாய்த்த எண்ணெய்க் கறை அந்தச் சுவரில் இன்றும் இருக்கிறது. என் மேசைக்கு முன்னாலிருக்கும் பலகையோ தச்சர் கொண்டுவந்து போட்ட நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது.

நான் மட்டுமா? எங்கள் தலைமைத் தாதி ராசம்மாளைக் கேளுங்கள். “ஊசி போடறது நானு. வலிக்கவே இல்லைன்னு கும்புடறது அவங்களை” என்று இந்த இருபத்தைந்து ஆண்டில் அவர் புலம்பாத வாரமில்லை. மேட்டூர் மின்சாரம் வந்த பிறகு எக்ஸ்ரே அறைக்கு வந்து சேர்ந்த சுவாமிநாதனையும் கேளுங்கள். “படம் என் கையில ஈரமா இருக்கறப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சுருதுங்க. நான் பல்லுன்னு சொல்றதுக்குள்ள, அது கடைவாய்ப் பல்லான்னு கேக்கறாங்க” என்பார். குரலில் மரியாதையும் இருக்கும்; மற்றதும் இருக்கும்.

அறுவைக் கலையில் ஆழ்ந்த அம்மையே!

மற்ற நோய்களில் தங்களோடு போட்டியிட்டு ஓரளவு தேறியிருக்கிறோம். ஒரே ஒரு வகை நோயில் மட்டும் தோற்றுக்கொண்டே வந்தோம். சுவாமிநாதன் சொன்ன பல் அந்த நோயில் வருவதுதான். இங்கே கூடியிருக்கும் வணிகப் பெருமக்களுக்கு அது புதிதாக இருக்கும் என்பதால் சற்று விளக்கிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பெண்ணின் கருப்பைக்கு இரு பக்கமும் இரண்டு சூற்பைகள் உண்டு. குழந்தைக்கான வித்துகள் அங்கேதான் இருக்கின்றன. வித்து ஒரு விசித்திரமான பொருள். தோலின் அணு தோலைத்தான் உண்டாக்கும். எலும்பின் அணு எலும்பைத்தான் உண்டாக்கும். வித்து ஒன்றுக்கே எல்லாவற்றையும் உண்டாக்கும் வல்லமை இருக்கிறது. ஆணின் அணு வந்து சேரும் வரையில் அது உறங்கிக் கிடக்கும். எப்போதோ ஒன்று, ஏன் என்பதில் பெரிய மருத்துவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், தானாகவே விழித்துக்கொள்கிறது. தோல் செய்கிறது. முடி செய்கிறது. பல் செய்கிறது. எல்லாம் செய்யத் தெரிகிறது. எதை எங்கே வைப்பது என்பது மட்டும் தெரிவதில்லை. அந்தத் தோலில் சுரக்கும் எண்ணெய் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்க, அது ஒரு பையாகப் பெருக்கிறது. உடம்பின் சூட்டில் அந்த எண்ணெய் உருகிய நெய்போல் இருக்கும். வெளியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்தால் மார்கழி நெய்யாக உறைந்துவிடும். புத்தகம் இதை டெரடோமா என்கிறது. நாங்கள் வார்டில் டெர்மாய்டு என்கிறோம்.

இந்தக் குடும்பத்துக் கட்டிகளில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு. மாவுபோல் குழைவது பெரும்பாலும் சாது. சிறு பெண்களுக்கு வந்து, கெட்டியாக இருந்து, வேகமாக வளர்வதை நம்பக்கூடாது. ஆத்தூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு அப்படி வந்தது. தாங்கள் கட்டியை எடுத்தீர்கள்; சென்னையில் ரேடியமும் வைத்தார்கள்; அடுத்து வந்த மாசியிலேயே போய்விட்டாள். அதன் பிறகு தாங்கள் எடுத்த கட்டி எதையும் அறுத்துப் பாராமல் புதைக்கவிட்டதில்லை. உள்ளே விரலால் தடவி, கெட்டியான இடம் தட்டுப்பட்டால் துண்டு நறுக்கி, மருந்தில் இட்டுச் சென்னைக்கு ரயிலேற்றுவீர்கள். பதில் வரும் வரையில் எங்களிடம் சரியாகப் பேசமாட்டீர்கள். அந்த நாட்களில் மட்டும் தங்கள்மேல் எங்களுக்குப் பொறாமை இருந்ததில்லை.

இனி நல்லம்மாள் கதைக்கு வருகிறேன். இதைச் சபையில் சொல்லலாமா என்று அவரையே கேட்டேன். “சொல்லுங்க. எங்கூருக்கே தெரிஞ்சதுதானுங்களே, சேலத்துக்கும் தெரியட்டும்” என்று உத்தரவு தந்துவிட்டார்.

1938ஆம் ஆண்டு வைகாசியில் அவர் வெண்ணந்தூரிலிருந்து வந்தார். தறிக்காரக் குடும்பம். மணமாகி ஒன்பது ஆண்டு பிள்ளையில்லை. கணவர் சண்முகவேல் பேசாத மனிதர். மாமியார் முத்தாயம்மாள் மகனுக்கும் சேர்த்துப் பேசுகிறவர். மருமகளுக்கு வயிறு பெரிதானதும் வீட்டில் ஒரே திருவிழா. மாதவிலக்கு அவருக்கு என்றுமே ஒழுங்காக வந்ததில்லை. இடையில் ஓரிரு முறை பட்டதையும், “வயித்துல புள்ளை இருக்கறப்பவும் சிலருக்குப் படும்” என்று முத்தாயம்மாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஏழாம் மாதமென்று கணக்குப் போட்டு வளைகாப்பும் நடத்தினார்கள். மறுநாளே அடிவயிற்றில் முறுக்கிப் பிடித்த வலி. கை நிறையக் கண்ணாடி வளையலோடு வண்டியில் வந்து இறங்கினார் நல்லம்மாள்.

தாங்கள் கேட்புக் குழலை வயிற்றில் வைத்தீர்கள். இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தீர்கள். பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு, கைகளை வெந்நீரில் சூடாக்கிக்கொண்டு தொட்டுப் பார்த்தீர்கள். கர்ப்பமாக இருந்தால் அந்த உருண்டை கருப்பையே அல்லவா? அடியில் வேரூன்றி நிற்க வேண்டும். இது முன்பக்கம் மிதந்தது. தள்ளினால் போயிற்று, விட்டால் திரும்பி வந்தது. விரலை அழுத்தினால் பிசைந்த மாவில்போல் குழி விழுந்தது. உண்மையான கருப்பை பின்னால், மூடிய கையளவில், ஒன்றுமறியாமல் கிடந்தது. இவ்வளவையும் தாங்கள் கண்டுபிடிக்க ஆன நேரத்தில் நான் தீட்டுக்கணக்கைக்கூடக் கேட்டு முடித்திருக்கமாட்டேன்.

சுவாமிநாதன் படம் எடுத்தார். நான்கு பற்கள் சோள முத்துப்போல் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்தைக் காட்டினால் குடும்பம் தெளிந்துவிடும் என்று நாங்கள் எண்ணினோம். அங்கேதான் வந்தது வினை.

“பல்லுங்களா?” என்றார் முத்தாயம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. “பல்லு இருந்தா வாய் இருக்கோணும். வாய் இருந்தா தலை இருக்கோணும். தலை இருந்தா அது புள்ளையில்லாம என்னங்க? நீங்களே பல்லைக் காட்டிட்டு நீங்களே புள்ளையில்லைங்கறீங்க!” சற்று யோசித்துவிட்டு, “ஆனாப் பல்லோட பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுங்களே” என்று கவலைப்பட்டார். துணைக்கு வந்திருந்த நல்லம்மாளின் அண்ணன் அப்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியடிக்குப் போய்விட்டார்.

நானாக இருந்தால் கோபித்திருப்பேன். தாங்கள் உள்ளே போய், நிறைமாதக்காரி ஒருத்தியின் படத்தை எடுத்துவந்து, இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்தீர்கள்.

“ஆத்தா, இது பக்கத்துக் கட்டில் பொண்ணோட படம். முதுகெலும்பு பாருங்க, கட்டுன மல்லிகைச் சரமாட்டம். இது விலா, இது மண்டை, இது தொடை. இப்ப உங்க மருமக படத்துல இதுல ஒண்ணே ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. நான் புள்ளைன்னு ஒத்துக்கறேன்.”

முத்தாயம்மாளின் விரல் படமெல்லாம் அலைந்தது. மறுபடி அந்தப் பற்களிடமே வந்து நின்றது. அப்போதுதான் சண்முகவேல் முதன்முறையாக வாய் திறந்தார்.

“நூலெல்லாம் இருக்குது. தறியேறலைங்கறீங்க.”

“அதேதான் சண்முகவேல்” என்றீர்கள்.

மேலே நான் ஒரு பத்தி முழுதும் எழுதி விளக்கியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இதற்காக நான் யார்மேல் பொறாமைப்படுவது? அவர்மேலா, அவரைச் சொல்ல வைத்த தங்கள்மேலா?

முத்தாயம்மாள் படத்தைவிட்டு விரலை எடுத்தார். “அப்ப ராசிபுரத்துக்குச் சொல்லியனுப்பிர வேண்டியதுதான்” என்றார். ராசிபுரத்தில் அவர் தம்பி மகள் இருந்தாள். பிள்ளையில்லாவிட்டால் சண்முகவேலுக்கு இரண்டாந்தாரமாக அவளைக் கட்டுவதென்று முன்பே பேச்சு. கட்டிலில் கிடந்த நல்லம்மாள் காதில் அது விழுந்தது. வலியைக்கூட மறந்து தங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கட்டிய எடுத்துட்டா அப்பறம் புள்ளை வருமுங்களா?”

வரும் என்று தாங்கள் சொல்லவில்லை. “சூற்பை ரெண்டு இருக்குது நல்லம்மா. ஒண்ணு கெட்டிருச்சு. இன்னொண்ணு எப்படி இருக்குதுன்னு திறந்தாத்தான் தெரியும். அதைக் காப்பாத்த என் கையால ஆனதைச் செய்யறேன்” என்றீர்கள்.

“அந்த இன்னொண்ணு இருந்தாப் பாக்கலாமுங்க. இல்லைன்னா ராசிபுரந்தான்” என்று முத்தாயம்மாள் முடித்துவிட்டார்.

அறுவை அறையில் வளையலைக் கழற்ற ராசம்மாள் போனார். நல்லம்மாள் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டார். வளைகாப்பு வளையலைப் பேறு முடியாமல் கழற்றக் கூடாதாம். தாங்கள் கொதிக்கவைத்த துணியைக் கேட்டு வாங்கி, விரல் நுனி முதல் முழங்கை வரை வளையலோடு சேர்த்தே சுற்றிக் கட்டினீர்கள். மயக்கத்துக்கு ஈதர் கொடுக்க நின்ற நான், “நாடியை எங்கே பார்ப்பது?” என்றேன். “காதுக்கு முன்னால பாத்துக்க கமலா, அங்கயும் துடிக்கும்” என்றீர்கள். எவ்வளவு எளிய யோசனை! அது எனக்கு வந்திருக்கக் கூடாதா?

வயிற்றைத் திறந்ததும் வலப்பக்கக் கட்டி, காம்பில் முறுக்கிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. அந்தச் சூற்பையில் காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆனால் கட்டி உடையாமல் வர வேண்டும். உள்ளிருக்கும் நெய் சிந்தினால் வயிற்றின் உள்தோலெல்லாம் வெந்ததுபோல் புண்ணாகும். சுற்றிலும் ஈரத்துணி அடுக்கி, தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல் முழுதாகத் தூக்கி எடுத்தீர்கள். அதுவரை எங்களுக்கும் வந்துவிடும் வித்தைதான்.

பிறகு இடப்பக்கம் பார்த்தீர்கள். அங்கேயும் எலுமிச்சையளவில் ஒன்று. இந்த நோயில் பத்தில் ஒருத்திக்கு இப்படி இரண்டு பக்கமும் வருவதுண்டு. அறையில் எல்லோருக்கும் ராசிபுரம் நினைவு வந்தது.

புத்தகத்தின்படி அதையும் சூற்பையோடு எடுத்துவிடலாம். எவரும் குறை சொல்லமாட்டார்கள். நான் அறிந்த கத்திகள் எல்லாம் அதைத்தான் செய்திருக்கும், என் கத்தி உள்பட. தாங்களோ கத்தியின் நுனியால் மேல்தோலில் ஒரு கோடு மட்டும் கீறினீர்கள். பிறகு கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியாலும் ஈரத்துணி சுற்றிய விரலாலும் உரிக்கத் தொடங்கினீர்கள். கட்டிக்கும் நல்ல சூற்பைக்கும் நடுவே நூல் பிரிந்ததுபோல் ஓர் எல்லை உண்டு. அதைக் கண் காணாது, விரல்தான் காணும். சற்று வெளியே போனால் நல்ல வித்துகள் போய்விடும். சற்று உள்ளே போனால் நெய் வெடித்துவிடும். நீர் சிந்தாமல் இளநுங்கின் தோலை உரிப்பதுபோல் சுற்றி வந்தது தங்கள் விரல். கட்டி கழன்று கிண்ணத்தில் விழுந்தபோது மிஞ்சிய சூற்பை உரித்த அவரைத் தோலளவுதான். அதை மடித்து, மெல்லிய ஆட்டுக்குடல் நூலால் தைத்து, இருந்த இடத்தில் வைத்தீர்கள். அந்தத் தகட்டில் வித்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிள்ளைக்கு ஒன்று போதும்.

அன்று மாலை கடைவீதியில் ஆறு நுங்கு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் உரித்துப் பார்த்தேன். ஆறும் உடைந்தன. ராசம்மாள் வேறு பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே குடித்துத் தீர்த்தார்.

மறுநாள் முத்தாயம்மாள் கிண்ணத்தைப் பார்க்க வேண்டுமென்றார். காட்டினீர்கள். உறைந்த நெய்யில் கற்றையாக முடி.

“சுருட்டை எம்மருமவளுதாட்டமே இருக்குது” என்றார் வியந்து. “எம்மவன் சாயல் ஒண்ணும் காணமுங்களே?”

“அவருக்கு இதுல பங்கே இல்லைங்க ஆத்தா. இது நல்லம்மாவோட வித்து யாரையும் கேக்காம பண்ணுன வேலை.”

“கேக்காம பண்ணுனா இப்படித்தான் ஆகும்” என்று முத்தாயம்மாள் ஒப்புக்கொண்டார். வளையல்களை அவரே கழற்றினார். ராசிபுரத்துக்கு மட்டும் ஆடி கழியட்டும் என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

ஆடி முழுதும் தாங்கள் வெண்ணந்தூர் வண்டி ஏதாவது வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மாதம் முடிய இருந்தபோது அது வந்தது. முத்தாயம்மாள் மட்டும் இறங்கினார். கையில் நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம். கூட்டம் நிறைந்த அறையில் நின்றுகொண்டு, “டாக்டரம்மா, எம்மருமவ தூரமாயிட்டாளுங்க!” என்று முழங்கினார். ஒன்பது ஆண்டாக மாதவிலக்கு என்ற அதே செய்திக்கு ஒவ்வொரு முறையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மாமியார், அன்று அதற்காக அறையிலிருந்த பெண்களுக்கெல்லாம் சர்க்கரை வழங்கினார். சூற்பை விழித்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று தாங்கள் அவருக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள்; அவரும் நம்பியிருக்கிறார்.

“அப்ப ராசிபுரம்?” என்று ராசம்மாள் கேட்டார்.

“அவுங்க வேற எடம் பாத்துக்கட்டுமுங்க.”

இரண்டாம் ஆண்டில் நல்லம்மாள் நிறைமாதமாக வந்தார். இம்முறை படத்தில் மல்லிகைச் சரம் இருந்தது. தாங்களோ அந்த வாரம் சென்னைக்குப் போயிருந்தீர்கள். ஆகவே பிரசவம் பார்த்தவள் நான். கால் முன்னால் வந்த பேறு. குழந்தைக்கு மூச்சு வரும் வரையில் என் மூச்சு நின்றது. பெண் குழந்தை. அத்தனை ஆண்டில் முதன்முறையாகத் தங்களுக்கு முன்னால் ஓடிவிட்டேன் என்ற நினைப்போடு, கை கழுவிக்கொண்டே முத்தாயம்மாளிடம், “என்ன பேர் வைக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“இதென்னுங்க கேள்வி? தெய்வநாயகிதானுங்க.”

“எடுத்தது நானாச்சே ஆத்தா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மனம் இளகிவிட்டது. “கோவிச்சுக்காதீங்க சாமி. அடுத்ததுக்கு உங்க பேரு வெச்சர்றனுங்க” என்றார்.

அடுத்தது ஆண் பிள்ளை.

எங்கள் அன்பின் அம்மையே! இத்தகைய நாளில் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டி வாழ்த்துவது வழக்கம். எங்கள் வாழ்த்து அதைவிடக் கண்டிப்பானது. கண் மங்காமல், கை நடுங்காமல், மூட்டு வலி இல்லாமல், எங்கள் விரல்கள் தங்கள் விரல்களின் பக்குவத்தை எட்டிப் பிடிக்கும் நாள் வரையில் தாங்கள் இருந்தே தீர வேண்டும். அந்த நாள் விரைவில் வருவதாக எங்களுக்குத் தெரியவில்லை.

இங்ஙனம்,
தங்கள்மேல் தணியாத பொறாமையும் அதனினும் தணியாத அன்பும் கொண்ட
மருத்துவர், தாதியர், எக்ஸ்ரே அறையினர், ஏனைய ஊழியர் அனைவரும்,
வணிகர் தரும மகளிர் மருத்துவமனை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
விய ஆண்டு (1946), ஆவணித் திங்கள்.